ஒரே நோய், நாட்டுக்கு நாடு வேறு வைத்தியம்: டயாலிசிஸும் சிறுநீரக மாற்றும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஜப்பானில் மூன்று லட்சம் பேருக்கு மேல் டயாலிசிஸில் இருக்கிறார்கள். நார்வேயில் பெரும்பாலானோர் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறார்கள். ஹாங்காங்கில் வயிற்றுவழி டயாலிசிஸ்தான் அதிகமாம். நோய் ஒன்றுதானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்? எந்த நாட்டு முறை நல்லது?"

நோய் ஒன்றுதான். இரண்டு சிறுநீரகங்களும் நின்றுவிட்டால் மனிதனுக்கு மிஞ்சும் வழிகளும் எல்லா ஊரிலும் அதே நாலுதான். ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்து திருப்பி அனுப்பலாம், இது மெஷின் டயாலிசிஸ். வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, அதில் கழிவு இறங்கியதும் வெளியேற்றலாம், இது வயிற்றுவழி டயாலிசிஸ். இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தலாம். இவை எதுவும் வேண்டாம், அல்லது முடியாது என்றால் மூச்சுத்திணறல், அரிப்பு, வாந்தி போன்ற உபாதைகளை மருந்தால் அடக்கி, இருக்கும் நாளை நிம்மதியாகக் கழிக்க வைக்கலாம். இந்த நாலில் உங்களுக்கு எது வாய்க்கும் என்பதில் உங்கள் கிரியாட்டினினுக்கு (சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) இருக்கும் பங்கை விட, பில்லை யார் கட்டுகிறார்கள் என்பதற்கு இருக்கும் பங்கு அதிகம். பல ஆண்டுகளாக இந்தப் புள்ளிவிவரங்களைப் பார்த்து வந்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரே விஷயம் இது. மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

முதலில் எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன், இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு நாடும் இரண்டு கணக்கு வைக்கிறது. இந்த ஆண்டு புதிதாகச் சிகிச்சைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பது ஒன்று. இன்றைய தேதியில் சிகிச்சையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. இரண்டையும் பத்து லட்சம் மக்களுக்கு இத்தனை என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது கணக்கைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் வேகமாக ஓடினாலும் தொட்டி நிரம்பும், அடியில் ஒழுகல் குறைவாக இருந்தாலும் நிரம்பும். டயாலிசிஸில் இருப்பவர்கள் நீண்ட நாள் உயிரோடு இருக்கும் நாட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போகும். அதைப் பார்த்து 'அங்கே எல்லோருக்கும் கிட்னி கெட்டுப்போகிறது' என்று முடிவு கட்டுவது தவறு.

மறுபக்கம் இதைவிடக் கொடுமை. சிகிச்சைக்கே வராதவர், அல்லது வந்து நாலு முறை டயாலிசிஸ் செய்துவிட்டுப் பணம் தீர்ந்து வீட்டுக்குப் போனவர், எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2010ம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்து 2015ல் வெளியான ஒரு உலகளாவிய ஆய்வு, டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ பெற்று வாழ்ந்தவர்கள் சுமார் 26 லட்சம் பேர் என்றது. தேவைப்பட்டவர்களோ 49 லட்சத்திலிருந்து 97 லட்சம் பேர் வரை. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் 23 லட்சம் பேர் சிகிச்சை கிடைக்காமலே போய்ச் சேர்ந்திருக்கலாம். பெரும்பாலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். ஆகவே ஒரு ஏழை நாட்டில் டயாலிசிஸ் நோயாளிகள் குறைவு என்று படித்தால் சந்தோஷப்படாதீர்கள். அங்கே தொட்டியே கட்டவில்லை என்று அர்த்தம்.

சரி, தொட்டி நிரம்பி வழியும் இடத்துக்கு வருவோம். பத்து லட்சம் பேருக்கு இத்தனை என்ற கணக்கில் உலகிலேயே முதலிடம் தைவானுக்கு. 3,500க்கும் மேல். காரணம் ஒன்றல்ல. 1995ல் வந்த தேசிய மருத்துவக் காப்பீடு டயாலிசிஸை ஏறக்குறைய எல்லோருக்கும் எட்டவைத்தது. சர்க்கரை நோய் அதிகம். மக்கள்தொகைக்கு வயதாகிறது. கூடவே, அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள மூலிகைகளை மக்கள் நெடுங்காலம் சாப்பிட்டு வந்தார்கள். அது சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரும். 2003ல்தான் தடை வந்தது. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்று கேட்பவர்களிடம் நான் தைவானைத்தான் காட்டுவேன்.

ஜப்பானின் கதை வேறு. அங்கே டயாலிசிஸ் நோயாளிகளின் இறப்பு விகிதம் உலகிலேயே மிகக் குறைவானவற்றில் ஒன்று. கையில் ஃபிஸ்டுலா (ஊசி குத்த வசதியாக இரண்டு ரத்தக் குழாய்களை இணைப்பது) போட்டு, நேரத்தைக் குறைக்காமல், தண்ணீரின் சுத்தத்தைக் கறாராகப் பார்த்துச் செய்வார்கள். டயாலிசிஸிலேயே 40 ஆண்டுகளைத் தாண்டியவர்கள் கூட அங்கே உண்டு. ஆனால் மாற்று அறுவை சிகிச்சை ஆண்டுக்கு 2,000ஐ ஒட்டித்தான் நடக்கிறது. டயாலிசிஸில் இருக்கும் மூன்றரை லட்சம் பேருக்கு முன்னால் இது எம்மாத்திரம்? செய்வதிலும் பெரும்பகுதி உயிரோடு இருக்கும் உறவினர் கொடுப்பதே.

இதற்குப் பின்னால் 1968ல் சப்போரோவில் நடந்த ஒரு இதய மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. கொடுத்தவர் உண்மையிலேயே மூளைச்சாவு அடைந்திருந்தாரா, பெற்றவருக்கு மாற்று இதயம் தேவைதானா என்று இரண்டு பக்கமும் சந்தேகம் கிளம்பி, டாக்டர் மீது கொலைப் புகார் வரை போனது. வழக்கு நிற்கவில்லை. ஆனால் மக்களின் நம்பிக்கை உடைந்தது உடைந்ததுதான். மூளைச்சாவை ஏற்று உறுப்பு எடுக்க அனுமதிக்கும் சட்டம் வருவதற்கு 1997 ஆகிவிட்டது. அதிலும் இறந்தவர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. குடும்பம் சம்மதித்தாலே போதும் என்று தளர்த்தியது 2010ல். கொடுப்பவர்கள் இப்படிக் குறைவாக இருந்ததால்தான், ரத்த வகை பொருந்தாத உறவினரின் சிறுநீரகத்தையும் வெற்றிகரமாகப் பொருத்தும் வித்தையில் ஜப்பானிய டாக்டர்கள் முன்னோடிகள் ஆனார்கள். இருப்பதை வைத்துக்கொண்டு சமாளித்ததில் பிறந்த திறமை அது.

மெஷின் டயாலிசிஸ் என்றால் என்ன என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். ஃபிஸ்டுலாவில் இரண்டு தடிமனான ஊசிகள். ஒன்று வழியாக ரத்தம் வெளியே போகும், மற்றது வழியாகத் திரும்பும். வடிகட்டியின் மறுபக்கம் நிமிடத்துக்கு 500 மில்லி என்று திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 120 லிட்டர். ஒரு நோயாளிக்கு, ஒரு வேளைக்கு. சாதாரணத் தண்ணீர் ஆகாது, ஆர்ஓ யூனிட்டில் பலமுறை சுத்திகரித்தது வேண்டும். ஆகவே ஒரு நாடு டயாலிசிஸ் சென்டர் திறக்கிறது என்றால் மெஷின் வாங்கிப் போடுவது சின்ன வேலை. தடைபடாத கரண்டும், நல்ல தண்ணீரும், நர்ஸும், டெக்னீஷியனும் வாரத்தில் ஆறு நாள் கிடைக்க வேண்டும். முடிந்து எழுந்தவுடன் நோயாளி எடை பார்ப்பார். டாக்டர் சொன்ன 'டிரை வெயிட்', அதாவது உடம்பில் தேங்கிய நீர் போன பிறகு இருக்க வேண்டிய எடை, வந்திருந்தால் நிம்மதி. பிறகு வீட்டுக்குப் போய் அன்று முழுக்கப் படுத்திருப்பார். மறுநாள் கொஞ்சம் தெளிவு, அதற்கு மறுநாள் மறுபடி ஊசி.

வயிற்றுவழி டயாலிசிஸுக்கு இவ்வளவு படாடோபம் தேவையில்லை. வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தியிருப்பார்கள். இரண்டு லிட்டர் பையை உயரத்தில் மாட்டினால் திரவம் தானே இறங்கும். சில மணி நேரம் உள்ளே இருக்கட்டும், அப்புறம் வெளியே விட்டுவிட்டு அடுத்த பை. நாளுக்கு மூன்று நாலு முறை, வீட்டிலேயே. கையைச் சுத்தமாகக் கழுவாவிட்டால் வயிற்றுச்சவ்வில் தொற்று வரும், அதுதான் பெரிய பயம். ஹாங்காங் 1985லேயே 'முதலில் வயிற்றுவழி' என்று முடிவு செய்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு மருத்துவரீதியாகத் தடை இல்லை என்றால் அதுதான். இன்றும் அங்கே டயாலிசிஸில் இருப்பவர்களில் பத்தில் ஏழு பேர் இந்த வழியில். உலக அளவில் பத்தில் ஒருவர்தான். ஜப்பானில் நூற்றில் மூன்று பேர். மூன்று இடத்திலும் வயிறு ஒரே மாதிரிதான்.

தாய்லாந்து 2008ல் ஹாங்காங்கைப் பின்பற்றியது. பொதுக் காப்பீட்டில் இருப்பவருக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் இலவசம். மெஷின்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பெரும்பாலும் கைக்காசு. அதற்கு முன் சிகிச்சையே எட்டாமல் இருந்த கிராமத்து மக்கள் பல்லாயிரம் பேர் இதனால் பிழைத்தார்கள். 2022ல் 'நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும்' என்று கட்டுப்பாட்டை எடுத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மெஷின் சென்டர்கள் மளமளவென்று பெருகின, செலவும் ஏறியது. பிறகு மறுபடியும் வயிற்றுவழியின் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். தேர்வுச் சுதந்திரம் என்று சொல்லும்போது, யார் நோயாளியின் காதில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்டர் நடத்துபவருக்கு நாற்காலி நிரம்ப வேண்டும் அல்லவா.

இந்தக் 'காசு வழிகாட்டுதல்' எவ்வளவு வலிமையானது என்பதற்கு அமெரிக்காவை விட நல்ல பாடம் கிடையாது. 1960ல் சியாட்டிலில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையிலேயே நிரந்தரமாக இருக்கும் ஒரு குழாயைக் கண்டுபிடித்த பிறகுதான், டயாலிசிஸில் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்ற நிலை வந்தது. மெஷின்கள் சில, ஆட்கள் பலர். டாக்டரல்லாதவர்களே பெரும்பாலும் இருந்த ஏழு பேர் குழு ஒன்று யார் பிழைக்கலாம் என்று முடிவு செய்தது. 1962ல் இது பத்திரிகையில் வெளிவந்து நாடே அதிர்ந்தது. 1971ல் ஷெப் கிளேசர் என்ற நோயாளி நாடாளுமன்றக் குழுவின் கண்ணெதிரே மெஷினில் இணைந்து சில நிமிடம் டயாலிசிஸ் செய்து காட்டினார். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. வயது எதுவானாலும், சிறுநீரகம் செயலிழந்தால், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் செலவை ஏற்கும். வேறெந்த நோய்க்கும் அப்போது அந்தச் சலுகை இல்லை.

அதன் பிறகு நடந்தவை சுவாரசியம். சட்டம் வரும்வரை அமெரிக்காவில் இருந்த பத்தாயிரம் சொச்சம் நோயாளிகளில் நூற்றுக்கு 40 பேர் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள். சென்டருக்குத் தாராளமாகப் பணம் வரத் தொடங்கியதும் சில ஆண்டுகளிலேயே அந்தப் பங்கு 15க்கும் கீழே சரிந்தது. இன்று அங்கே ஐந்தரை லட்சம் பேர் டயாலிசிஸில். இன்னொரு அபத்தம் கேளுங்கள். டயாலிசிஸுக்கு ஆயுள் முழுக்கப் பணம் கொடுத்த அதே மெடிகேர், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு, 65 வயதுக்குக் கீழே உள்ள பலருக்கு 36 மாதத்தோடு கையை விரித்துவிட்டது. மாத்திரை வாங்க முடியாமல் சிறுநீரகத்தை இழந்தால், மறுபடி டயாலிசிஸுக்கு வரலாம், அதற்குப் பணம் உண்டு! 2023 ஜனவரியில்தான் இந்த ஓட்டையை அடைத்தார்கள். அமெரிக்காவில் இப்போது ஆண்டுக்கு 25,000க்கும் மேல் சிறுநீரக மாற்று நடக்கிறது, உலகிலேயே மிக அதிகமான எண்ணிக்கைகளில் ஒன்று. ஆனாலும் காத்திருப்போர் பட்டியலில் 90,000 பேர் அளவில் நிற்கிறார்கள்.

இனி உறுப்பு தானம். இதில் ஸ்பெயினைப் பற்றி எல்லோரும் ஒரு தவறான கதையைச் சொல்வார்கள்: 'அங்கே மறுப்பு எழுதி வைக்காத எல்லோருமே இறந்த பின் தானம் செய்தவர்களாகக் கருதப்படுவார்கள், அதனால்தான் முதலிடம்.' அந்தச் சட்டம் வந்தது 1979ல். அதற்குப் பத்து ஆண்டு கழித்தும் பத்து லட்சம் பேருக்கு 14 தானம்தான். 1989ல் ரஃபாயெல் மட்டேசான்ஸ் தலைமையில் தேசிய மாற்று உறுப்பு அமைப்பைத் தொடங்கிய பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. 2023ல் அது 48க்கும் மேல்.

என்ன செய்தார்கள்? ஆஸ்பத்திரிதோறும் ஒரு ஒருங்கிணைப்பாளரை வைத்தார்கள். அவர் பெரும்பாலும் அதே ஆஸ்பத்திரியின் ஐசியூ டாக்டர். வெளியிலிருந்து வரும் அதிகாரி இல்லை. மூளைச்சாவு நடக்கக்கூடிய ஒவ்வொரு நோயாளியையும் அவர் கண்ணில் வைத்திருப்பார். இறப்பைச் சொல்வதும் தானம் கேட்பதும் ஒரே மூச்சில் நடக்காது. முதலில் செய்தி, அப்புறம் அழ நேரம், குடும்பம் புரிந்துகொண்டது என்று தெரிந்த பிறகுதான் பேச்சு. எப்படிக் கேட்பது என்பதற்கே பயிற்சி உண்டு. சட்டம் என்ன சொன்னாலும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில், மறுப்பவர்கள் நூற்றுக்கு 15 பேர் அளவுக்கு இறங்கினார்கள். 'விபத்தில் இறக்கும் இளைஞர்கள்தான் டோனர்' என்பதும் அங்கே பழங்கதை. சாலை விபத்து குறைந்துவிட்டது. இன்று கொடுப்பவர்களில் பாதிக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள், பக்கவாதத்தில் இறந்தவர்கள். வயதானவரின் சிறுநீரகம் வயதானவருக்கு.

நார்வே இன்னும் எளிமை. மொத்த நாட்டுக்கும் மாற்று அறுவை சிகிச்சை செய்யும் இடம் ஒன்றே ஒன்று, ஓஸ்லோவில். சிறுநீரகம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, டயாலிசிஸ் தொடங்கும் முன்பே, 'உங்கள் வீட்டில் யார் கொடுக்கக்கூடும்' என்று டாக்டர் பேச்சைத் தொடங்கிவிடுவது அங்கே பல பத்தாண்டுப் பழக்கம். விளைவு, சிகிச்சையில் இருப்பவர்களில் பத்தில் ஏழு பேர் அளவில் வேலை செய்யும் மாற்றுச் சிறுநீரகத்தோடு இருக்கிறார்கள்.

ஈரான் வேறு பாதையில் போனது. 1988லிருந்து அரசின் மேற்பார்வையில், உறவில்லாதவர் பணம் பெற்றுக்கொண்டு சிறுநீரகம் கொடுக்கலாம். காத்திருப்போர் பட்டியலே ஒழிந்துவிட்டது என்று 1999ல் அறிவித்தார்கள். நான் இதை வெற்றிக்கதையாகச் சொல்ல மாட்டேன். கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கடன்பட்ட ஏழைகள். அவர்களைத் தேடிப்போய்ப் பேசிய ஆய்வுகளில் வருத்தமும் உடல் உபாதையும்தான் நிறைய. 2008ல் பல நாட்டு மருத்துவர்கள் கூடி வெளியிட்ட இஸ்தான்புல் பிரகடனம் உறுப்பு வணிகத்தைக் கண்டித்தது. இந்தியாவில் 1994 சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. ஆனாலும் ஆண்டுக்கு 13,000 அளவில் நடக்கும் சிறுநீரக மாற்றில் பெரும்பகுதி உயிரோடு இருப்பவர் கொடுப்பதே. அந்தப் பட்டியலில் கொடுப்பவர் பெரும்பாலும் மனைவி அல்லது அம்மா, பெறுபவர் பெரும்பாலும் ஆண். இதைக் குடும்பப் பாசம் என்று மட்டும் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை.

கொடுக்க ஆள் இருந்தும் ரத்த வகை பொருந்தாதவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. உங்கள் டோனர் எனக்கு, என் டோனர் உங்களுக்கு என்ற பரிமாற்றம். முதலில் செய்தது தென்கொரியா, 1991ல். நெதர்லாந்து 2004ல் அதை நாடு முழுவதற்குமான திட்டமாக்கியது.

பணமும் மெஷினும் போதாத நாடு என்ன செய்யும்? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1997ல் நடந்ததைச் சொல்கிறேன். தியாகராஜ் சூப்ரமணிக்கு வயது 41. சர்க்கரை நோய், இதய நோய், ஏற்கெனவே ஒரு பக்கவாதம், கடைசியில் சிறுநீரகமும் நின்றது. தனியாரில் காசு கொடுத்துச் செய்தார், பணம் தீர்ந்தது. அரசு ஆஸ்பத்திரியில் 20 மெஷின்கள்தான். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவருக்கே தொடர் டயாலிசிஸ் என்பது அங்கே விதி. இதய நோய் இருந்ததால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற புதிய அரசியலமைப்பின் வரியைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார். தொடர் டயாலிசிஸ் அவசர சிகிச்சை ஆகாது, பற்றாக்குறையில் நியாயமான விதியை ஆஸ்பத்திரி வகுத்திருக்கிறது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் நவம்பர் 27ம் தேதி தீர்ப்பளித்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். சியாட்டில் குழு செய்ததைத்தான் இங்கே விதி செய்தது. ஒரே வித்தியாசம், இந்த விதியை எழுதி வைத்திருந்தார்கள், வழக்குப் போட்டுக் கேள்வி கேட்கவாவது முடிந்தது. பல நாடுகளில் இந்தத் தேர்வைச் சத்தமில்லாமல் நோயாளியின் பர்ஸ் செய்துவிடுகிறது.

ஏழை நாடு என்றால் இப்படித்தான் என்றும் இல்லை. கராச்சியில் அதீபுல் ஹசன் ரிஸ்வி 1970களில் எட்டுப் படுக்கையோடு தொடங்கிய சிறுநீரகப் பிரிவு, இன்று டயாலிசிஸும் மாற்று அறுவை சிகிச்சையும் அதன் பிறகான மருந்தும் இலவசமாகக் கொடுக்கும் பெரிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அரசுப் பணம் பாதி, மக்கள் நன்கொடை மீதி என்ற மாதிரியான ஏற்பாடு. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில், டயாலிசிஸுக்காகச் சொந்த மண்ணை விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வந்து கிடந்த பழங்குடி மக்கள், தங்கள் ஓவியங்களை 2000ம் ஆண்டு சிட்னியில் ஏலம் விட்டுத் திரட்டிய பணத்தில் ஊருக்குள்ளேயே டயாலிசிஸைக் கொண்டுவந்தார்கள். மெஷின் பொருத்திய ஒரு ஊதா நிற லாரியும் அங்கே ஊர் ஊராகப் போகிறது.

எது நல்லது என்று கேட்டீர்கள். அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடம்பாக இருந்தால் மாற்றுச் சிறுநீரகம்தான், அதில் இரண்டு பேச்சில்லை. ஆயுளும் கூடும், ஆண்டுக்கணக்கில் பார்த்தால் செலவும் டயாலிசிஸை விடக் குறையும். அந்த வகையில் ஸ்பெயினும் நார்வேயும். எல்லோருக்கும் சிறுநீரகம் கிடைக்கப்போவதில்லை என்பதால், குறைந்த ஆட்களையும் தண்ணீரையும் வைத்து அதிகம் பேரைக் காப்பாற்ற நினைக்கும் நாட்டுக்கு ஹாங்காங் வழி. டயாலிசிஸையே நன்றாகச் செய்வது எப்படி என்பதற்கு ஜப்பான்.

கேள்வியில் வராத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்ற நம்பிக்கையை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். 2010ல் முடிவு வந்தது. ரத்தப் பரிசோதனை எண்ணைப் பார்த்து முன்கூட்டியே டயாலிசிஸ் தொடங்கியவர்களும், உபாதை வரும்வரை காத்திருந்து தொடங்கியவர்களும் ஒரே அளவுதான் பிழைத்திருந்தார்கள். எண்பதை நெருங்கும் வயதில் இதயமும் மூளையும் சேர்ந்து தளர்ந்தவருக்கு, டயாலிசிஸ் கூட்டித் தரும் நாட்களில் கணிசமான பகுதி ஆஸ்பத்திரியிலேயே கழிந்துவிடும். பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களுக்கு டயாலிசிஸ் இல்லாத கவனிப்புக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. டாக்டர் அதையும் ஒரு வழியாக எடுத்துச் சொல்வார், நோயாளி வேண்டாம் என்றும் சொல்லலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், மெஷினுக்குத் தேதி குறிக்கும் முன் இந்த நாலாவது வழியைப் பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். அவராகச் சொல்லாமல் இருக்கலாம்.